முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்பா ஓட்டிய பழைய அம்பாசிடர் வீட்டில் நிற்கிறது, இன்ஜின் முழுக்கக் கறுப்புப் பிசுக்கு. மெக்கானிக் மண்ணெண்ணெய் போதும் என்கிறார், மாமா காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றச் சொல்கிறார், கடைக்காரர் ஒரு டிகிரீசர் டப்பாவை நீட்டுகிறார். எதை வாங்குவது?

மாமாவை முதலிலேயே கழித்துவிடலாம். காஸ்டிக் சோடா சமையலறைப் பிசுக்கை நன்றாக எடுக்கும், ஏனென்றால் சமையல் எண்ணெயில் எஸ்டர் பிணைப்பு இருக்கிறது, காரம் அதை வெட்டிச் சோப்பாக்கிவிடும். வழக்கமான இன்ஜின் ஆயில் கச்சா எண்ணெயிலிருந்து வந்தது. பெரும்பாலும் வெறும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிதான், வெட்டுவதற்கு அதில் எஸ்டரே கிடையாது. ஆக எண்ணெயைத் தொடாத காரம் எதைத் தின்னும்? அலுமினியத்தை. அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும், அந்த உலோகத்துக்குக் கவசமே அதுதான். காரம் அதைக் கரைத்துவிட்டால் உள்ளே இருப்பது தண்ணீரோடு நேரடியாக வினைபுரிந்து ஹைட்ரஜனாகக் குமிழ் விடும், அலுமினியம் கறுத்துப் பொரிந்துபோகும். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, அதனால் அவை தப்பிக்கும், கார்பரேட்டர் தப்பிக்காது. இதே யோசனையைப் பக்கத்து வீட்டு மாருதி 800-க்குச் சொன்னால் ஹெட்டே போச்சு, அது அலுமினியம். லேபிளில் சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக் சோடாவின் வேதிப்பெயர்) என்று இருந்தால் டப்பாவை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

மெக்கானிக் சொல்வதில் பாதி சரி. மண்ணெண்ணெய் மூலக்கூறில் பத்து முதல் பதினாறு கார்பன், இன்ஜின் ஆயிலில் இருபதுக்கு மேல், இரண்டும் ஒரே குடும்பம், அதனால் கரைக்கும். ஆனால் கரைத்த பிசுக்கை எங்கே கொண்டுபோய் விடும்? தண்ணீர் அடித்தால் எண்ணெய் தனியே விலகி மறுபடி இரும்பிலேயே ஒட்டிக்கொள்ளும், நீங்கள் கறுப்பை மெலிதாக எல்லா இடத்திலும் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, மண்ணெண்ணெயின் ஆவி 38 டிகிரியிலிருந்தே ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும், நம் ஊரில் மே மாதத்தில் நிழலிலேயே அவ்வளவு சூடு இருக்கிறது. பெட்ரோலை நினைத்தும் பார்க்காதீர்கள்.

சரி, அந்த டப்பாவில் என்ன இருக்கிறது? எமல்ஷன் வகை டிகிரீசர் என்றால் பெரும்பாலும் மண்ணெண்ணெய் மாதிரியான ஒரு கரைப்பான், அதில் கொஞ்சம் எமல்சிஃபையர், அதாவது எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கிற சோப்பு மாதிரியான பொருள், அவ்வளவுதான். எனக்கு இந்தக் கொஞ்சம்தான் பிடித்த விஷயம். சோப்பு மூலக்கூறு பள்ளியில் படித்ததுதான், வால் எண்ணெயை விரும்பும், தலை தண்ணீரை விரும்பும். தண்ணீரில் அவை தலையை வெளியே காட்டி, வாலை உள்ளே மறைத்து உருண்டையாகக் கூடும். இங்கே சுற்றியிருப்பது எண்ணெய், அதனால் எல்லாம் தலைகீழ். வால்கள் வெளியே, தலைகள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். இந்தத் தலைகீழ்க் கோலத்திலேயே கரைப்பானோடு சேர்ந்து அவை பிசுக்குக்குள் ஆழமாக ஊறிப் போகின்றன, வெறும் சோப்புத் தண்ணீரால் எட்டவே முடியாத இடம் வரைக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் இப்படி ஊற வேண்டும். அப்புறம் தண்ணீர் அடிக்கிறீர்கள். தலைகளுக்கு வேண்டிய துணை வந்துவிட்டது. எண்ணெயும் நீரும் சந்திக்கிற விளிம்புக்கு எல்லாம் ஓடி வந்து வரிசைகட்டும், அந்த விளிம்பின் இழுவிசை சடாரென்று விழும், அதுவரை உடைய மறுத்த எண்ணெய் லேசாகத் தண்ணீர் பட்டதும் கோடிக்கணக்கான நுண்துளிகளாகச் சிதறிவிடும். கண்ணெதிரே கறுப்புப் பிசுக்கு பழுப்பு வெள்ளையாகி வழியும், பார்த்தால்தான் தெரியும். ஒரு மைக்ரான் அளவிலான துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோல் சிதறடிப்பதால் அந்த வெண்மை. டெட்டாலைத் தண்ணீரில் ஊற்றும்போது நடப்பதும் இதுதான்.

இப்போது தலைப்புக்கு வரலாம். தூசி போகட்டும் என்று முதலிலேயே இன்ஜினை நனைத்துவிட்டால், எமல்சிஃபையர் அந்தத் தண்ணீரோடேயே கலந்து வெள்ளையாகிச் செலவாகிவிடும், பிசுக்குக்குள் போகாது. அதனால் ஆறிய, உலர்ந்த இன்ஜினில் பிரஷ்ஷால் தடவுங்கள், காயவும் விடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, கார்பரேட்டர் வாய் மூன்றையும் பாலிதீன் பையால் கட்டிவிட்டு, தண்ணீரைக் கார்டன் ஹோஸ் வேகத்தில் அடித்தால் போதும். ரப்பர் ஹோஸ், இன்ஜின் மவுண்ட் மேல் பட்டால் உடனே கழுவுங்கள், பெட்ரோலியக் கரைப்பானில் ரப்பர் உப்பிப்போகும்.

நுரை அதிகம் வந்தால் நல்ல சரக்கு என்பது சுத்த மூடநம்பிக்கை, நுரைக்கும் பிசுக்கு எடுப்பதற்கும் சம்பந்தமில்லை. உண்மையில் பார்க்க வேண்டியது வேறு. வாட்டர் வாஷ் கடைகளில் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி எண்ணெய் மேலே மிதக்கும் என்பதை நம்பித்தான் வேலை செய்கிறது. நிலையான எமல்ஷன் மிதக்காது, தொட்டியை ஏமாற்றிவிட்டு நேரே சாக்கடைக்குப் போய்விடும். கழுவி முடித்த கொஞ்ச நேரத்தில் தானாகவே உடைந்து எண்ணெயை விட்டுவிடும் வகையும் சந்தையில் உண்டு, கேட்டு வாங்கலாம். பளபளப்பு பாலிஷுக்குக் கொட்டுகிற ஆராய்ச்சிப் பணத்தில் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தால் தேவலை என்பது என் கட்சி. அந்தத் தானாக உடையும் வகையால் வீட்டில் கழுவினால் கீழே பழைய தட்டு வைத்துப் பிடித்து, ஒரு நாள் அப்படியே வையுங்கள், மேலே பிரிந்து நிற்கிற எண்ணெயை அள்ளிப் பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம்.

பழைய இன்ஜினைக் கழுவினால் ஆயில் ஒழுக ஆரம்பிக்கும் என்று பயமுறுத்துவார்கள். ஒழுக்கு ஏற்கெனவே இருந்ததுதான், பிசுக்கே அதனால் வந்ததுதான். கழுவிக் காயவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், எங்கே புதிதாக ஈரம் கசிகிறதோ, அநேகமாக டாப்பெட் கவர் பேக்கிங்காக (இன்ஜின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்பு) இருக்கும், அதை மாற்றுங்கள்.