சுவரைத் தாண்டி வரும் ‘தும் தும்’

பக்கத்து வீட்டில் பாட்டு ஓடுகிறது. என்ன பாட்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ‘தும்... தும்...’ மட்டும் தலையணை வரை வருகிறது. பாடகரின் குரல் எங்கே போனது?

சுவர் வடிகட்டிவிட்டது. ஒலி வந்து மோதும்போது சுவரே கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிர்ந்து, மறுபக்கக் காற்றை அசைக்கிறது. கனமான பொருளை மெதுவாக ஆட்டிவிடலாம், படபடவென்று ஆட்ட முடியாது. அதனால் நொடிக்கு 1,000 முறை துடிக்கும் ஒலியைச் சுவர் நன்றாகவே தடுக்கிறது. 60 முறை துடிக்கும் பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கு வழிவிடுகிறது. தோராயமான கணக்கு இது: அதிர்வெண் (நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது) பாதியானால் தடுப்பு 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் கூடும். ஆனால் சத்தம் பாதியானதாகக் காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும்! சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டுவதும் வீண்செலவுதான். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், பக்கத்து வீட்டை அடக்காது. அதைவிட இடுக்குகளைப் பாருங்கள். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு நல்ல சுவரானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலோடு நின்றுவிடும்.

மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் வேறு ரகம். அங்கே கட்டடமே நேரடியாகத் தட்டப்படுகிறது. கான்கிரீட்டில் ஒலி காற்றைவிடப் பத்து மடங்கு வேகமாக ஓடி, தூண் சுவர் எல்லாவற்றிலும் பரவும். நேர் மேல்வீட்டுக்காரரோடு சண்டை போட்டபின், சத்தம் அதற்கும் மேல்மாடியிலிருந்து வந்தது என்று தெரியவருவது இதனால்தான். கீழே இருப்பவர் கூரைக்கு என்ன செய்தாலும் பலன் கொஞ்சம். மேலே நாற்காலிக் கால்களில் கம்பளித் துண்டு ஒட்டினால் பாதித் தொல்லை தீரும்.

சரி, புகார் கொடுத்து மீட்டரோடு ஆள் வருகிறார். மீட்டர் ‘அமைதி’ என்கிறது, உங்களுக்கோ நெஞ்சு அதிர்கிறது. பொய் சொல்வது யார்? யாருமில்லை. மீட்டர் பெரும்பாலும் ‘ஏ’ அளவுகோலில் இருக்கும். மெல்லிய தாழ்ந்த ஒலிகள் காதுக்குச் சரியாகக் கேட்காது என்பதால், அது 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 துடிப்பில்) சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடுகிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் பகுதியே கழிவில் போய்விடுகிறது. ‘சி’ அளவுகோலில் அதே இடத்தில் கழிவு ஒன்றரை டெசிபல்கூட இல்லை. இரண்டிலும் அளக்கச் சொல்லுங்கள். ‘சி’ எண் 15, 20 டெசிபல் கூடுதலாக வந்தால், குற்றவாளி பேஸ்தான்.