வாய் பேசாதவர் தப்புப் பறையில் பேசுவது எப்படி?

‘மனநல விடுதியில் நோயாளியிடம் தப்பு என்னும் தோல் பறையைக் கொடுத்தால் நோய் தீருமா?’ என்று இலங்கை மலையகத்து ஹட்டன் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தீராது. மாத்திரையின் வேலையை மாத்திரைதான் செய்யும். 2012இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், மனச்சிதைவு உள்ள 417 பேரில் ஒரு பகுதியினரைக் குழுவாகப் படம் வரையவைத்தும் நோய்க்குறிகள் குறையவில்லை. பலர் ஒழுங்காக வரவுமில்லை. ஆனால் குணமாக்குவது வேறு, பேசவைப்பது வேறு.

சத்தத்தைக் கேட்ட பிறகு கையை அசைத்தால் செக்கனில் ஏழிலொரு பங்காவது பிந்தும். சீரான தாளத்துக்குத் தட்டும்போதோ பெரும்பாலானோரின் அடி சத்தத்துக்குச் சில பத்து மில்லிசெக்கன் முந்தியே விழுகிறது! மூளை காத்திருப்பதில்லை, அடுத்த அடியைக் கணித்துக் கையை முன்னரே அனுப்பிவிடுகிறது. இருவர் சேர்ந்து அடித்தால் இன்னும் வேடிக்கை. நீங்கள் பிந்தினால் அவர் தன் அடுத்த அடியைச் சற்றே இழுத்துப் பிடிப்பார். அவர் முந்தினால் உங்கள் கை விரையும். அடிக்கு அடி இருவருமே திருத்திக்கொள்வதால் யார் முன்னே, யார் பின்னே என்று பிரிக்க முடியாது. சொல் கோக்க முடியாதவரும் இப்படி எதிரிலிருப்பவருக்குக் காது கொடுக்கலாம்.

அடிகளுக்கு நடுவே அரை முதல் முக்கால் செக்கன் விடுங்கள். இடைவெளி இரண்டு செக்கனை நெருங்கினால் கணிப்பு அறுந்துவிடும். தாதி சிறு அடி ஒன்றை அடித்து நிறுத்த, நோயாளி பதில் அடிக்கட்டும். அவர் எதையாவது மாற்றினால் அந்த மாற்றத்தையே தாதி திருப்பி அடிக்க வேண்டும். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. தமிழ் தெரியாத தாதிக்கும் இது கைவரும். சில மனநல மருந்துகள் டோபமின் என்னும் மூளை இரசாயனத்தைத் தடுப்பதால் கை விறைக்கும், நடுங்கும். தாளம் தவறியதும் ‘ஈடுபாடில்லை’ என்று அட்டையில் எழுதிவிடாதீர்கள்.

மலைப் பனியில் தப்பின் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து ‘பொத்’தென்னும். விடுதிக்குள் தீ மூட்டிக் காய்ச்ச முடியாது. வெயிலில் வையுங்கள், அல்லது பிளாஸ்டிக் தோல் பூட்டியதை வாங்குங்கள். சாவு வீட்டு அடி வேண்டாம். காமன் கூத்து அடி தேயிலைத் தோட்டத்தில் பலருக்கும் பழகியது. இல்லாத குரல்கள் கேட்பவருக்குப் பெருஞ்சத்தம் பதற்றமூட்டலாம். அவர் தப்பில் துணி போர்த்தி, கதவோரம் இடம் கொடுங்கள். சாதியை நினைத்துத் தப்பைத் தொடாதவரும் உண்டு. வாதாட வேண்டாம், மேசையைத் தட்டட்டும்.

பேயோட்டும் கோடாங்கியும் உடுக்கடிக்கிறாரே என்பீர்கள். அவர் நோயாளி கையில் உடுக்கைக் கொடுப்பதில்லை. தோட்டத்து லயன் வீட்டில் ஒருவர் பேச்சற்று ஒடுங்கினால் பேயோட்டலில் நாளைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.