ஸ்பார்க் வரவில்லையா? சி.டி.ஐ. பெட்டியைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்

ஃபைபர் படகின் அவுட்போர்டு எஞ்சின் எத்தனை முறை கயிறு இழுத்தும் பிடிக்கவில்லை என்றால், உடனே வரும் தீர்ப்பு "சி.டி.ஐ. (ஸ்பார்க்கைத் தூண்டும் மின்னணுப் பெட்டி) போச்சு" என்பதுதான். பெட்டியை மாற்றிய பிறகும் ஸ்பார்க் வராமல் நிற்பவர்கள் ஏராளம். உள்ளே பிசின் ஊற்றி மூடிய பெட்டி அது. பிரித்துப் பழுது பார்க்க வழியில்லை. காசு போனால் போனதுதான்.

முதலில் அது வேலை செய்யும் விதம். எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் உள்விளிம்பில் காந்தங்கள் இருக்கின்றன. அவை சுற்றும்போது அடியிலுள்ள சார்ஜ் காயிலில் நூறு, இருநூறு வோல்ட் கிளம்பும். சி.டி.ஐ. அதை ஒருதிசை மின்சாரமாக்கித் தன் கெப்பாசிட்டரில் தேக்கும். பிஸ்டன் மேலே வரும் தருணத்தில் பல்சர் காயில் ஒரு சின்னத் துடிப்பு கொடுக்க, தேங்கியது அத்தனையும் இக்னிஷன் காயிலுக்குப் பாய்ந்து, 20,000 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்து ஸ்பார்க் பிளக் நுனியில் பொறியாகத் தாவும். கயிறு ஸ்டார்ட் எஞ்சினில் இதற்கு பேட்டரியே வேண்டாம். ஆனால் கயிற்றை மெதுவாக இழுத்தால் வோல்டேஜ் எழாது. நல்ல எஞ்சினும் செத்ததுபோலத் தெரியும்.

எஞ்சினை நிறுத்துவது எப்படி? ஸ்டாப் சுவிட்ச் அந்த மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். சுவிட்சுக்குள் உப்புத்தண்ணீர் இறங்கினாலோ, கம்பியின் உறை உரசித் தேய்ந்து பாடியில் பட்டாலோ எஞ்சின் எந்நேரமும் 'ஆஃப்' நிலையில்தான் இருக்கும். ஆகவே முதலில் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் (கழன்றால் எஞ்சின் நின்றுவிடும்) இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டாப் கம்பியைக் கழற்றிவிட்டு (யமஹாவில் வெள்ளை; கறுப்பு எர்த்) மறுபடி இழுங்கள். ஸ்பார்க் வந்தால் குற்றவாளி சுவிட்ச்தான். அந்த நிலையில் எஞ்சின் ஓடிவிட்டால் சோக்கை மூடித்தான் நிறுத்த வேண்டும். அந்தக் கம்பியில் 12 வோல்ட் பேட்டரியை மட்டும் தொடுத்துவிடாதீர்கள், நல்ல சி.டி.ஐ.யும் கருகிவிடும்.

அடுத்து பிளக். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களில் பாதிப் புகார் இங்கேயே தீரும். நுனியில் ஈரக் கரி படிந்திருந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியே கசிந்துவிடும். பிளக்கின் மாடல் நம்பரையும் கவனியுங்கள்: பி7எச்எஸ்-10 என்றால் இடைவெளி 1.0 மி.மீ. ரெசிஸ்டர் பிளக் (உள்ளே மின்தடை வைத்தது) கேட்கும் எஞ்சினுக்குச் சாதா பிளக் போட்டால் அதன் மின் இரைச்சல் சி.டி.ஐ.யைத் தடுமாற வைக்கும்.

ஸ்பார்க்கை இடைவெளி டெஸ்டரில் பாருங்கள். சுமார் 9 மி.மீ. தாண்டி, 'டப்' என்ற சத்தத்தோடு நீலமாக வர வேண்டும். வெளிறிய மஞ்சளாக வந்தால் பலம் போதாது. சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டே சோதியுங்கள். பிளக் கேபிளை எர்த் இல்லாமல் தொங்கவிட்டு இழுக்காதீர்கள். தாவ வழி கிடைக்காத மின்சாரம் காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைத்துவிடும்.

ஒரு சிலிண்டரில் மட்டும் ஸ்பார்க் இல்லை, சிலிண்டருக்கு ஒரு காயில் என்றால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் காயில்தான். எதிலுமே இல்லையென்றால் எர்த், கனெக்டர், சார்ஜ் காயில் என்று போங்கள். கனெக்டரைப் பிரித்து உள்ளே பாருங்கள்: பித்தளை முனையில் பச்சைப் பூப்பு, கம்பியை லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். மீட்டர் காட்டாத கோளாறு இது.

காயிலின் ஓம் அளவை அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஓம் சரியாக இருந்தும் காயில் கெட்டிருக்கலாம். குளிரில் நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் சூடேறியதும் நின்றுபோகும் எஞ்சினில், உள்ளே விரிசல் விட்ட சுற்று சூட்டில் விலகுகிறது. ஹேர் டிரையரால் காயிலைச் சூடாக்கி அளந்தால் பிடிபடும். வோல்டேஜைச் சாதா மல்டிமீட்டரில் நம்பாதீர்கள். நொடிக்கும் குறைந்த துடிப்பை அது குறைத்தே காட்டும். துடிப்பின் உச்சத்தைப் பிடித்துக் காட்டும் பீக் வோல்டேஜ் அடாப்டர் வேண்டும். சார்ஜ் காயிலும் பல்சரும் சரியான வோல்டேஜைக் கொடுத்தும், ஸ்டாப் கம்பி கழன்றிருந்தும், சி.டி.ஐ.யிலிருந்து வெளியே எதுவும் வரவில்லையா? அப்போது தாராளமாகப் பெட்டியை மாற்றலாம்.

ஸ்பார்க் நன்றாக இருந்தும் எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் ஃப்ளைவீல் சாவி (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) பாதி வெட்டுப்பட்டிருக்கும்; டைமிங் விலகிவிடும். ஃப்ளைவீலைக் கழற்றப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் பெயர்ந்துவிடும்.

கடலுக்குப் போகும்போது இரண்டு புதுப் பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு உதிரி கிளிப், எமரி தாள் துண்டு ஆகியவற்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.