கீபோர்டு வாங்கும் முன் அந்தக் கீயைத் தொட்டுப் பாருங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் தம் ஒன்பது வயது மகளை வண்டியின் பின்னால் அமர்த்தி, இருவருக்கும் நடுவில் ஓர் அட்டைப்பெட்டியைச் செருகிக்கொண்டு என் கீபோர்டு இசை வகுப்புக்கு வந்து சேர்ந்தார். பெட்டியின் மேல் 61 கீ, 500 டோன், 300 ரிதம், பாடுவதற்கு மைக் என்று பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருந்தார்கள். கருவியை எடுத்து மேசைமேல் வைத்து என் கையை விரித்தேன். எட்டாவது வெள்ளைக் கீயில் நிற்க வேண்டிய சுண்டுவிரல் பத்தாவது கீயையும் கடந்து நின்றது; கீகள் அவ்வளவு சிறியவை. சி, இ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு சுரங்கள்தாம் ஒலித்தன. நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "சார், 61 கீ இருக்கணும்னுதானே போன்ல சொன்னீங்க?"

சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். சீட்டுப் பணத்தை எடுத்து அவர் வாங்கிய கருவி அது. இந்தக் கல்வியாண்டில் இப்படி என் வகுப்புக்கு வந்த நான்காவது பெட்டி. நான்கு குடும்பங்களின் பணமும் நான்கு பிள்ளைகளின் ஆசையும் வீணான பிறகாவது, தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் டோன், அதாவது கருவி தரும் ஒலிவகைகளின் கணக்கு. கடைக்குப் போகும் பெற்றோர் அத்தனை பேரும் கேட்கும் முதல் கேள்வி, இதில் எத்தனை டோன் இருக்கிறது என்பதுதான். நூறு டோன் உள்ளதைவிட ஐந்நூறு டோன் உள்ளது ஐந்து மடங்கு நல்லது என்ற எண்ணம் எப்படியோ ஊன்றிவிட்டது. விற்பவர்களும் அதையே சொல்லி விற்கிறார்கள். உண்மை என்னவென்றால், கீபோர்டு கற்கத் தொடங்கும் பிள்ளை முதல் இரண்டு ஆண்டுகளில் பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல் ஆகிய நான்கைத் தாண்டுவது அரிது. மீதமுள்ள எண்கள் எங்கிருந்து வருகின்றன? மின்னணு இசைக்கருவிகளுக்கென்று 1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி என்னும் பொதுப் பட்டியலிலேயே 128 ஒலிகள் உண்டு. அவற்றில் தொலைபேசி மணி, ஹெலிகாப்டர், கைதட்டல், துப்பாக்கிச் சத்தம் ஆகியவையும் அடக்கம். ஒரே பியானோ ஒலியைச் சற்றுக் கூர்மையாக்கினால் ஓர் எண், எதிரொலி சேர்த்தால் இன்னோர் எண் என்று பட்டியலை நீட்டுவதும் கடினமன்று. இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரே நிறுவனத்தின் இரண்டு கருவிகளைக் காட்டுகிறேன். காசியோவின் சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டிலும் 61 கீ, 400 டோன், 77 ரிதம். எண்ணிக்கையில் எள்ளளவும் வேறுபாடு இல்லை. ஆனால் விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறும் டச் 300இல் உண்டு, 200இல் இல்லை. யமஹாவின் பிஎஸ்ஆர்-இ273இல் 401 ஒலிகள் இருந்தும் டச் இல்லை. டோன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு, கற்பவரின் விரலுக்கு எது தேவையோ அது இருக்கிறதா இல்லையா என்பது கடைசிவரை தெரியவே தெரியாது.

டச் என்று நாங்கள் சொல்வது, மெல்ல அழுத்தினால் மெல்லவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் ஒலிக்கும் தன்மையை. ஒவ்வொரு கீயின் அடியிலும் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி அளந்து, விரல் எவ்வளவு வேகமாக இறங்கியது என்று கண்டுகொள்கிறது. டச் இல்லாத கருவியில் கட்டைவிரலால் குத்தினாலும் மோதிரவிரலால் வருடினாலும் ஒரே சத்தம்தான் வரும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் இயல்பாகவே வலுக்குறைந்தவை. அவற்றைக் கட்டைவிரலுக்கு இணையாக ஒலிக்க வைப்பதுதான் தொடக்கப் பயிற்சியில் பாதி. விரல் செய்யும் தவறைக் காதுக்குத் திருப்பிச் சொல்லாத கருவியில் அந்தப் பயிற்சியை எப்படிக் கொடுப்பது? இரண்டு ஆண்டுகள் டச் இல்லாத கருவியிலேயே பழகிய என் மாணவி ஒருத்தி, கிறிஸ்துமஸுக்குத் தன் தேவாலயப் பாடற்குழுவில் இருந்த நல்ல கருவியில் உட்கார்ந்தபோது, ஒரு சுரம் இடியாகவும் அடுத்த சுரம் காதில் விழாமலும் வந்ததைக் கேட்டுப் பாதியில் கையை எடுத்துவிட்டாள். தனக்கு வாசிப்பு மறந்துவிட்டது என்றே அவள் நினைத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை. அதுவரை அவள் விரல்களுக்கு அதைக் கேட்கும் வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை.

"முதல்ல சின்னதா ஒண்ணு வாங்குவோம், புள்ளைக்கு ஆர்வம் வந்தா நல்லது வாங்கலாம்" என்று சொல்லாத பெற்றோரே இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, நடப்பது நேர்மாறு. குறையுள்ள கருவியை எப்படிச் சமாளிப்பது என்பது பழகியவருக்குத் தெரியும். புதிதாக வருபவருக்கு அது தெரியாததால், கருவியின் குறையைத் தன் குறையாக எடுத்துக்கொண்டு ஆறாவது மாதத்தில் எனக்கு இது வரவில்லை என்று ஒதுங்கிவிடுகிறார். பிறகு, ஆர்வம் இல்லை பாருங்கள், நல்லவேளை செலவு செய்யவில்லை என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். தயவுசெய்து இந்தத் தீர்ப்பைப் பிள்ளையின் மேல் எழுதாதீர்கள். கையில் பணம் இல்லையென்றால் இரண்டு மாதம் பொறுங்கள். அதுவரை வகுப்புக் கருவியில் பழகட்டும்.

கீயின் அளவைச் சரிபார்க்க ஓர் அடி ஸ்கேல் போதும். ஏழு வெள்ளைக் கீகளைச் சேர்த்து அளந்தால் ஏறத்தாழ 16.5 செ.மீ. வர வேண்டும். இணையத்தில் வாங்குவோர் கருவியின் நீளம் எத்தனை என்று பார்க்கட்டும். 61 கீயில் வெள்ளைக் கீ மட்டும் 36. முழு அளவுக் கீ என்றால் அவற்றுக்கே 84 செ.மீ.க்கு மேல் தேவை, இருபுறச் சட்டத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 90 செ.மீ. ஆகிவிடும். 61 கீ என்று போட்டுவிட்டு நீளம் 65 செ.மீ. என்று எழுதியிருந்தால் அது விளையாட்டுப் பொருள். மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் பொம்மையாக வாங்குங்கள், கருவி என்று நம்பி வாங்காதீர்கள். பெயர் பெற்ற நிறுவனமாயிற்றே என்ற நம்பிக்கை மட்டும் போதாது. காசியோ எஸ்ஏ வரிசையிலும் 32 கீ, 44 கீ உள்ள குறுங்கீ கருவிகள் விற்கின்றன. ஐந்து வயதுக் குழந்தை தட்டிப் பார்க்க அவை நல்லவைதான், வகுப்புக்கு ஆகாது.

கடையில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பியானோ ஒலியில் வைத்து ஒரே கீயை ஒருமுறை வருடியும் ஒருமுறை தட்டியும் பாருங்கள். ஆர்கன் ஒலியில் வைத்துச் சோதிக்காதீர்கள், நல்ல கருவியிலும் பெரும்பாலும் அதில் வேறுபாடு தெரியாது. இரு கைகளாலும் பத்துக் கீகளைச் சேர்த்து அழுத்தினால் பத்தும் ஒலிக்க வேண்டும். பின்புறம் பெடல் செருகும் துளையும் ஹெட்போன் துளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விற்பவர் போட்டுக் காட்டும் டெமோ பாட்டைக் கேட்டு மயங்க வேண்டாம், அதை வாசிப்பது கருவிக்குள் பதிந்து வைத்த நிரல்தான். உங்கள் பிள்ளையின் கை அதன்மேல் பதினைந்து நிமிடமாவது இருக்கட்டும்.

கர்நாடக இசை பாடும் பிள்ளைகளுக்காக வாங்குவோருக்குத் தனியாக ஒரு சொல். சுருதியில் ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை என்பது ஜி. பிள்ளை ஐந்து கட்டையில் பாடினால், டிரான்ஸ்போஸ் வசதி உள்ள கருவியில் பழகிய விரல் வைப்பை மாற்றாமலேயே சுருதியை நகர்த்திக்கொள்ளலாம். ஆகவே அது கட்டாயம் வேண்டும். சுரத்தை வளைத்து அசைக்கும் கமகத்தைக் கீயில் முழுமையாகக் கொண்டுவர முடியாது. பிட்ச் பெண்ட் சக்கரம் இருந்தால் சுரத்தை ஓரளவு வளைக்கலாம். சிடி-எஸ்300இல் அது உண்டு, அதைவிட விலை கூடிய யமஹா பிஎஸ்ஆர்-இ373இல் இல்லை. விலை கூடியதில் எல்லாம் இருக்கும் என்று எண்ணி வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான். இந்தியாவுக்கென்றே வெளியான யமஹா பிஎஸ்ஆர்-ஐ500, காசியோ சிடி-எக்ஸ்870ஐஎன் போன்றவற்றில் நம் வாத்தியங்களின் ஒலிகளும் தாளங்களும் உண்டு. வரவு இடம் கொடுத்தால் பாருங்கள்.

வீட்டில் பாட்டு அமைத்துப் பதிவு செய்ய விரும்பும் இளைஞர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர், கடலூர் முழுக்க அலைந்தும் தம் புதுக் கீபோர்டின் பழுதை நீக்க யாராலும் முடியவில்லை என்றார். பழுது ஒன்றுமில்லை. அவர் வாங்கியது மிடி கன்ட்ரோலர். அதற்குள் ஒலியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை, கணினியோ கைப்பேசியோ இணைந்தால்தான் அது பேசும். கணினியில் வேலை தெரிந்தவருக்கு அருமையான பொருள், கீபோர்டு கற்க வருபவருக்குப் பயன்படாது. யூஎஸ்பி துளை உள்ள எல்லாக் கீபோர்டும் ஒலியைக் கணினிக்கு அனுப்பும் என்பதும் தவறு. சிடி-எஸ்300 எந்தச் சுரம் எப்போது எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்ற மிடி தகவலை மட்டுமே அனுப்பும். பிஎஸ்ஆர்-இ373 ஒலியையும் சேர்த்து அனுப்பும்.

பியானோ தேர்வுக்குப் போகிறவருக்கு 88 கீயும் கனமான கீயும் வேண்டும். கீபோர்டு கற்பவருக்கு வேண்டாம். எந்தத் தேர்வானாலும் அந்தப் பாடத்திட்டத்தில் கருவியைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

பணம் குறைவு என்றால் பழைய கருவியை வாங்குங்கள் என்றே சொல்வேன். டச் இல்லாத புதியதைவிட டச் உள்ள பழையது எவ்வளவோ மேல். ஆனால் நம் ஊரில் பழையது வாங்க ஒரு கூடுதல் கண் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதையும், அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நனைந்து காய்ந்த கருவிகளும் கைமாறுகின்றன. திருப்பிப் போட்டு அடிப்பக்கத் திருகுகளைப் பாருங்கள். எல்லாம் துருவேறியிருந்தால் கடற்காற்று மட்டுமே காரணமாக இல்லாமலும் போகலாம். 61 கீயையும் ஒன்றுவிடாமல் ஒரே வேகத்தில் அழுத்திப் பாருங்கள். சில கீகள் மட்டும் திடீரென ஓங்கி ஒலித்தால் அடியிலுள்ள ரப்பர் தொடுமுனை கெட்டிருக்கிறது. பேட்டரி அறையைத் திறந்து, கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். எறும்புகள் உள்ளே குடியேறிய கருவிகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். பிள்ளை தின்பண்டம் தின்ற கையோடு வாசிக்கக் கூடாது, வாசித்து முடித்ததும் துணியால் மூட வேண்டும்.

அடாப்டரை மட்டும் மாற்றிப் போடவே போடாதீர்கள். செருகும் முனை பொருந்துகிறது என்பதற்காக வீட்டில் கிடக்கும் எதையாவது மாட்டுகிறார்கள். யமஹா கருவிகள் பல 12 வோல்ட்டில், உள்முனை நேர்மின்னாக இயங்குபவை. பழைய காசியோ கருவிகள் பல 9 வோல்ட்டில், உள்முனை எதிர்மின்னாக இயங்குபவை. ஒன்றை எடுத்து மற்றதில் செருகினால் போர்டே போய்விடக்கூடும்.

அரியாங்குப்பத்துப் பெட்டியைக் கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். வகுப்பில் இருந்த பழைய டச் கீபோர்டு ஒன்றை அந்தச் சிறுமியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பொங்கல் வரை அவளிடமே இருக்கட்டும் என்றேன். அதற்குள் சீட்டில் இன்னொரு தவணை வந்துவிடும், இந்த முறை கடைக்கு நீங்களும் கூட வர வேண்டும் என்று அவள் அப்பா கேட்டிருக்கிறார். ஸ்கேலை எடுத்து வைத்திருக்கிறேன்.