77 என்றால் 77 சதவீதம் அல்ல

இந்த மாதத்தில் இது மூன்றாவது. கேமரா பழுதுபார்க்கும் என் மேசைமேல் ஒருவர் தன் பேட்டரியை வைத்து, "இது போய்விட்டது, படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கிறது" என்றார். படத்தோடு கேமரா எழுதிவைக்கும் விவரங்களான மெட்டாடேட்டாவின் பைட்டுகளை, அதாவது எண்துண்டுகளை, பிரித்து அட்டவணையே போட்டிருந்தார். அதில் ஒரு பைட்டைச் சார்ஜ் சதவீதம் என்று எடுத்துக்கொண்டார்: காலையில் 77, இரண்டு மணி நேரம் விடாமல் படமெடுத்த பிறகு 86. சார்ஜ் போடாமலே ஏறுகிறது, ஆகவே பேட்டரிக்குள் ஏதோ கெட்டுவிட்டது என்பது அவர் தீர்ப்பு. 77 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 25 டிகிரி செல்சியஸ். 86 என்பது 30. ஐயா, நீங்கள் படித்தது பேட்டரியின் சூட்டை!

படக் கோப்பில் விவரங்களை எழுதும் பொது விதிமுறையான எக்ஸிஃப் தரம் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ போன்றவற்றுக்கு இலக்கணம் வைத்திருக்கிறது. 'மேக்கர்நோட்' பகுதியை மட்டும் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பேட்டரி விவரங்கள் பெரும்பாலும் அங்கேதான், விளக்கக் குறிப்பு எதுவும் இல்லாமல் கிடக்கின்றன. அவற்றைப் படித்துக் காட்டும் மென்பொருளான எக்ஸிஃப்டூல் அவற்றுக்குக் காட்டும் பெயர்களில் பல, அதை உருவாக்கிய ஃபில் ஹார்வியும் ஆர்வலர்களும் படங்களை ஒப்பிட்டு ஊகித்தவை. ஒரு மாடலுக்குச் சரியான ஊகம் அடுத்த மாடலில் பொய்த்துப்போகலாம். பைட் வரிசை மாறினாலே போதும்: பதினாறை அடியாகக் கொண்ட பதினாறடிமான எண்ணில் 03 20 என்பது 800, நூறால் வகுத்தால் 8.00 வோல்ட், அதையே திருப்பிப் படித்தால் 8195.

எனக்கு ஆத்திரம் வருவது இந்தச் சதவீத மோகத்தால்தான். படத்தில் இருப்பது அந்த நொடியின் அளவீடு. பேட்டரியின் ஆயுள் அல்ல. பெண்டாக்ஸ் கே10டி போன்றவற்றில் இரண்டு எண்கள் இருக்கும்: சுமை இல்லாதபோது ஒன்று, சுமையின்போது, அதாவது பேட்டரி வேலை செய்யும்போது, ஒன்று. அவை மின்னழுத்த அளவீட்டுச் சுற்று தந்த வெறும் எண்கள், வோல்ட்கூட இல்லை. கவனிக்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள இடைவெளியை. இரண்டு செல் லித்தியம் அயான் பேட்டரி, கிழடானாலும் முழு சார்ஜில் 8.4 வோல்ட்டை ஒட்டிக் காட்டிவிடும். வயதானதால் அதன் உள்தடை, அதாவது உள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தடை, கூடியிருக்கும்; வேலை கொடுத்தால்தான் மின்னழுத்தம் சரிவது தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் திடகாத்திரம்தானே.

பைட் வேட்டை ஆட வேண்டுமென்றால் முறையாக ஆடுங்கள். முழு சார்ஜிலிருந்து கேமரா அணையும்வரை ஒரே அறையில், ஒரே அமைப்பில் படமெடுங்கள். இறங்கிக்கொண்டே வரும் பைட்டைக் குறித்துக்கொண்டு, சார்ஜ் ஏற்றிய இன்னொரு பேட்டரியைப் போடுங்கள். உடனே மேலே தாவாவிட்டால் அது நீங்கள் தேடியது அல்ல. ஏறிக்கொண்டே போவது படங்களின் எண்ணிக்கையாக இருக்கலாம். சூட்டோடு ஏறி, ஆறியதும் இறங்குவது எதுவென்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. கேமரா எழுதிய மூலக் கோப்பின் நகலில் மட்டும் கை வையுங்கள். திருத்தி மறுபடி சேமித்த படத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள். சில மென்பொருள்கள் மேக்கர்நோட்டைக் குலைத்துவிடும், சில அடியோடு துடைத்துவிடும்.

பழைய கேமரா வாங்குபவர்களே, விற்பவர் காட்டும் எண்ணைவிட உங்கள் விரலை நம்புங்கள். பேட்டரியைக் கழற்றித் தடவிப் பாருங்கள், சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், தயவுசெய்து நெம்பி எடுக்காதீர்கள். போன வாரம் ஒன்று வந்தது. கடைசிப் படத்தில் பேட்டரி நிலை 'முழுமை'. பேட்டரியோ உப்பி, கேமராவின் பேட்டரி அறையை விட்டு வெளியே வர மறுத்தது. எடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.