மூன்று வாரம் தாண்டியும் விடாத காய்ச்சல்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் காய்ச்சல் என்றால் முதலில் பனடோல், அப்புறம் கிளினிக், உடனே "டெங்கியான்னு பாருங்க டாக்டர்". பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும். தீராத சிலருக்காக இதை எழுதுகிறேன்.

செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர், இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உண்டு. ஐந்து வாரமாகப் பொழுது சாய்ந்தால் 38.5 பாகை. டெங்கி, மலேரியா, எலிக்காய்ச்சல் எதுவும் இல்லை. மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸையும் தேடினோம். இரத்தத்தில் கிருமி வளரவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், இதய எக்கோ எல்லாம் சரி. 38.3 பாகைக்கு மேல் மூன்று வாரத்துக்கும் அதிகமாக நீடித்து, முறையாகத் தேடியும் பிடிபடாததைத்தான் காரணம் அறியாக் காய்ச்சல் என்கிறோம். 1961இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்தது.

பெட்-சிடி ஸ்கேனுக்கு அனுப்பினேன். கதிரியக்க ஃபுளோரின்-18 சேர்த்த சர்க்கரையை இரத்தக் குழாயில் ஏற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். அழற்சி உள்ள இடத்து வெள்ளணுக்களும் பல புற்றுநோய் அணுக்களும் சர்க்கரையை அள்ளி விழுங்கும். அந்த இடம் ஒளிரும். மூளையும் சிறுநீர்ப்பையும் எல்லாருக்குமே ஒளிரும், பயப்படாதீர்கள்.

முதல் முறை அண்ணன் படம் எடுக்காமலே திரும்பினார். வெறும் வயிற்றோடு அவ்வளவு தூரமா என்று அவர் மனைவி விடியற்காலையில் இனிப்பான மைலோ பானம் கலக்கிக் கொடுத்திருந்தார். குறைந்தது ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்பது மலாய்ச் சீட்டில் இருந்தது. தமிழில் உட்காரவைத்துச் சொல்லாதது என் தவறு. அந்தச் சர்க்கரையின் கதிரியக்கமோ 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். நாளைக்கென்று எடுத்துவைக்க முடியாது.

இப்போது நானே சொல்லி அனுப்புகிறேன். முந்தின நாள் குலை வெட்டப் போகக்கூடாது, உழைத்த தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இனிப்பு நீர் ஊசி, மாத்திரையை எப்போது எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய ஜாமு என்ற மூலிகை மருந்து சாப்பிட்டால் மறைக்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அழற்சியை அமுக்கி, ஒளிர வேண்டியதையும் மங்கவைத்துவிடும்.

இரண்டாம் முறை எடுத்த படத்தில் கீழ் முதுகின் இரண்டு எலும்பும் நடுவிலுள்ள வட்டும் பளிச்சென்று தெரிந்தன.

"அண்ணே, இடுப்பு வலி இருந்துச்சா?"

"அது வேலை வலி டாக்டர். அதையெல்லாமா சொல்லுவாங்க?"

படம் இடத்தைத்தான் காட்டியது. அங்கே ஊசி விட்டு எடுத்த சதைதான் காசநோய் என்றது. மாதக்கணக்கில் மருந்து. சில வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. இடுப்பு வலி குறைய இன்னும் நாளானது.