கையெழுத்து வைக்க முதல் ஒருக்கால் வாருங்கள்

தானாக வேலையை விடுவதாகக் கையெழுத்து வாங்கப்பட்டு என்னிடம் வந்தவர்களில் இந்த மாதத்தில் இது நான்காவது. நேற்று கொடிகாமத்திலிருந்து தாயோடு வந்த பிள்ளை கட்டுநாயக்காவில் ஒரு மின்னணுப் பொருள் தொழிற்சாலையில் ஏழு வருடம் சோல்டர் பிடித்தவள். பக்டரியை மூடப்போகிறோம் என்று எல்லோரையும் வரிசையில் விட்டு ஆளுக்கொரு தாளை நீட்டியிருக்கிறார்கள். அதன் பிரதியை நாலாக மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்திருந்தாள். சிங்களத்தில் இரண்டே வரி: சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்.

"கையெழுத்து வைச்சால்தான் பணிக்கொடை தருவம் எண்டவை, மிஸ்."

இதைத்தான் எல்லோரும் நம்பிவிடுகிறீர்கள். எத்தனை தரம் சொல்வது? பணிக்கொடை முதலாளி இரங்கித் தரும் காசு அல்ல. 15 பேராவது வேலைசெய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, தானாக விலகினாலும் நிறுத்தப்பட்டாலும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி 30 நாளுக்குள் கொடுத்தே ஆகவேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் அது. எப்படியும் உங்களுக்கு வரவேண்டியதைக் காட்டித்தான், வேலையிலிருந்து நிறுத்தினால் தரவேண்டிய நட்டஈட்டை விட்டுக்கொடுக்கும்படி எழுதி வாங்குகிறார்கள்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. சோன் என்கிற சுதந்திர வர்த்தக வலயத்துக்குள்ளும் இதே சட்டம்தான். ஆணையாளரின் நட்டஈட்டுக் கணக்கில் முதல் 5 வருடத்துக்கு வருடம் இரண்டரை மாதச் சம்பளம், அதன்பின் 14ஆம் வருடம்வரை இரண்டு மாதம். இந்தப் பிள்ளைக்குப் பதினாறரை மாதம் வரும். கையில் கிடைத்தது பணிக்கொடை மூன்றரை மாதம் மட்டும். தாய் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அப்படியே பேசாமல் இருந்தா.

வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் கேளுங்கள். அவசரப்படுத்தினால் போனில் படமெடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். சம்பளச் சிட்டைகளைப் போர்டிங்கில் எறிந்துவிட்டு வராதீர்கள், பிறகு நான் எதை வைத்துப் பேசுவது? சேமலாப நிதியை உடனே எடுத்துத் தருகிறேன் என்று வரும் தரகரிடம் அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டாம். வேலை போனது மட்டும் அதற்குக் காரணமாகாது, பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது ஆகவேண்டும்.

ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்களே, வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள். வற்புறுத்தி வாங்கினார்கள் என்று வாதாட இடமிருக்கிறது, கடினம்தான். ஆனால் வேலை நின்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முறைப்பாடு தொழில் திணைக்களத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போகிறேன்.